பத்து நாளுக்கு ஒருமுறை படுத்த ரூட்டர்

லோயர் கேம்ப் ரூட்டர் நான்காவது முறையாகப் படுத்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் அந்த லைனை ஊர் ஆபரேட்டர் செல்வராணியிடமிருந்து பிடுங்கி கூடலூர் ஆளிடம் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். தப்பு அந்தம்மா பக்கம்தான் என்று மூன்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

பழனிசெட்டிபட்டியில் எங்கள் கேபிள் இன்டர்நெட் ஆபீஸ். பள்ளத்தாக்கில் ஊருக்கு ஒரு ஆபரேட்டர். ஊர் வீடுகளுக்கெல்லாம் நெட்டைப் பிரித்துவிடும் ரூட்டர் எங்களுடையது, வாடிக்கையாளர்களைப் பிடிப்பது அவர்கள் பாடு. லோயர் கேம்ப்பில் செல்வராணி ஐந்து வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி கனெக்‌ஷன் பிடித்திருந்தார். அவருக்கு வேறு தொழில் கிடையாது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது நின்றாலும் முதலில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வோம். லோயர் கேம்ப்புக்கு நேரில் போய்வந்தால் பாதி நாள் போய்விடும், போனில் சொன்னால் ஒரு நிமிடம். ஆன் செய்ததும் ரூட்டர் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். நானும் கம்ப்ளெயின்ட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

முதல் தடவை நின்றதற்குக் காரணம் யூபிஎஸ் பேட்டரி. அதை மாற்றினோம். இனி நின்றால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ரூட்டருக்குள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது ரூட்டரின் முழு நிலவரத்தையும் ஒரு ஃபைலில் எழுதிச் சேர்த்துக்கொண்டே போகும். அதற்குப் பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை ரூட்டர் படுத்தது. ஒவ்வொரு தடவையும் கடைசியாக வந்த எச்சரிக்கை, மெமரி தீர்ந்துவிட்டது என்பதுதான். ஆன் செய்தபின் ஃபைலைத் தேடினால் இருக்காது. வீடுகள் கூடினால் மெமரியும் கூடுதலாகச் செலவாகும்; செல்வராணி கணக்கில் காட்டாமல் கூடுதல் வீடுகளை மாட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். இல்லை என்று அவர் சொன்னதை ரிப்போர்ட்டில் சேர்க்கவில்லை.

முதலாளி எச்சரித்த அன்றே, இந்த முறை தப்பவிடக் கூடாது என்று ஐந்து நிமிடத்தை ஒரு நிமிடமாகக் குறைத்தேன்.

இரண்டாம் நாள் காலை செல்வராணி ஆபீசுக்கே வந்துவிட்டார். கையில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். என் முதல் ரிப்போர்ட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து தினமும் காலையில் ரூட்டரில் எவ்வளவு மெமரி மிச்சம் என்று பார்த்து, ராசிபலனுக்குக் கீழே பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.

"இங்கன பாருங்கண்ணே. நாள் முழுக்கக் கரண்டு இல்லாத அன்னிக்கும் இதே அளவுதான் எறங்கியிருக்கு. அன்னிக்கு எந்த வீட்லயும் நெட்டே ஓடல. நம்ம யூபிஎஸ்ல ரூட்டர் மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எந்த வீட்டுக்காரக தின்னாக இந்த மெமரிய?"

நான் பதில் சொல்வதற்குள் கடைசித் தாளை மேலே எடுத்து வைத்தார். "நேத்து ஒரே நாள்ல அஞ்சு மடங்கு எறங்கிருச்சு. இன்னிக்குச் சாயங்காலம் படுத்துரும். படுத்தா எனக்கு லைன் போயிரும்."

அஞ்சு மடங்கு என்று காதில் விழுந்ததும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். ஐந்து நிமிடத்தை ஒன்றாக்கியது நான்.

உட்கார்ந்து ரூட்டருக்குள் போனேன். அது படுக்கப் போகும் நேரத்தில் நான் உள்ளே போய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெமரியில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு ஃபைல் கிடந்தது. என் ஃபைல். அந்த மாடலில் ஸ்கிரிப்ட் செட்டிங்கோடு சேர்ந்து நிற்கும், அது எழுதும் ஃபைலெல்லாம் மெமரியிலேயேதான் தங்கும். ஆஃப் செய்தால் ஃபைல் அழிந்துவிடும். நானே ரூட்டரை நிரப்பி, நானே ஆஃப் பண்ணச் சொல்லித் தடயத்தையும் அழித்திருக்கிறேன்.

ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு ஃபைலை அழித்தேன். மெமரி மொத்தமும் திரும்பியது. செல்வராணி திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னண்ணே, மொதலாளிகிட்ட என்ன சொல்லப் போறீக?"

சரியாகிவிட்டது என்று சொல்லிவிடுவதாகச் சொன்னேன். அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். இப்போது சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

அவர் குரலை உயர்த்தவில்லை. "மூணு ரிப்போர்ட்ல எம் பேரு இருக்கு. நாலாவதுல உங்க பேரு இருக்கட்டும்."

எழுதினேன். முதலாளி இரண்டு தடவை படித்துவிட்டு, மூன்று பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுவரச் சொல்லிக் கிழித்துப் போட்டார். என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. செல்வராணி அன்றே நான்காவதில் ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கி, காலண்டர் தாள்களோடு மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். லைன் இன்றும் அவரிடம்தான் இருக்கிறது.

இப்போது எது நின்றாலும், ஆஃப் பண்ணு என்று சொல்லும் முன் உள்ளே போய்ப் பார்க்கிறேன். அடுத்தவரைச் சந்தேகப்படும் முன், கடைசியாக நான் எதைத் தொட்டேன் என்று எழுதிப் பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் படிக்கக் கொடுப்பது அந்த நான்காவது ரிப்போர்ட்டைத்தான், என் பெயரை மறைக்காமல்.