தட்டச்சரின் எதிர் நாற்காலி

ஒருவரிடமிருந்து இன்னொருவர் பொறுப்பை ஏற்கும்போது இருவரும் நேரில் இருக்க வேண்டும். பொருட்பட்டியலை வரிக்கு வரி சரிபார்த்து, குறையிருந்தால் குறிப்பிட்டு, முற்பகலா பிற்பகலா என்பதையும் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். என் பணிக்காலத்தில் பல முறை பொறுப்பு ஒப்படைத்திருக்கிறேன். ஒரு குண்டூசிப் பெட்டி குறைந்ததாகக்கூட என்மேல் யாரும் குறிப்பு எழுதியதில்லை. ஆகவே, அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டச்சரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எனக்குரிய நாற்காலியில், எந்தப் பட்டியலும் கையெழுத்தும் இல்லாமல், ஓர் இத்தாலியப் பெண் சம்மணமிட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இது விதிமீறல் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கோபம் பிறகு, ஆட்டோவில் திரும்பும்போது வந்தது. அதற்குப் பொறாமை என்று சரியான பெயர் வைக்க இன்னும் சில மாதங்கள் ஆயின.

தட்டச்சர் என்று சொன்னாலும் அவள் ஓய்வு பெறும்போது தட்டச்சு இயந்திரமே அலுவலகத்தில் இல்லை. கணினி வந்து, பதவியின் பெயரும் இரண்டு முறை மாறிவிட்டது. எனக்கு அவள் தட்டச்சர்தான். மைசூரில் எங்கள் அரசு அலுவலகத்தில் கோப்பெல்லாம் கன்னடம், பேச்செல்லாம் கன்னடம். தமிழ் வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், பிரிவுக் கண்காணிப்பாளர். அவளுக்கு ஊர் மார்டள்ளி, தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆவண அறைக்குப் பக்கத்தில் ஒரு கால் ஆடும் மேசையில் தனியாக டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்து தமிழில் பெயர் கேட்டேன். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து இருபத்தாறு வருடம் மதியம் ஒன்றரை மணிக்கு நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். வழியில் போகும் கன்னட நண்பர்கள் "ஊட்ட ஆய்தா?" என்று சாப்பாடு ஆனதா என விசாரித்துவிட்டு, "தமிழ் அசெம்பிளி நடக்குது, தொந்தரவு பண்ணாதீங்க" என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

அவள் டப்பாவில் பெரும்பாலும் ராகிக் களி இருக்கும். இல்லையென்றால் சோறும் கொள்ளுப் பருப்பும். அவரைக்காய்க் காலத்தில் அவரைக்காய். நான் ஒரு வாய் எடுத்துச் சுவைத்துவிட்டு என் கருத்தைச் சொல்வேன். உப்பு ஒரு கல் தூக்கல். கொள்ளு இன்னும் ஒரு கொதி வெந்திருக்கலாம். பூண்டைத் தட்டியா போட்டாய், நறுக்கிப் போட்டிருக்க வேண்டும். அவள் "சரிங்க அக்கா" என்பாள். மறுநாளும் அப்படியேதான் கொண்டுவருவாள். இதை நான் அன்பு என்று நினைத்திருந்தேன். வரைவைத் திருத்துவதுதானே கண்காணிப்பாளரின் வேலை. திருத்தாமல் கையெழுத்துப் போட்டால் அவர் அதைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து அவளும் ஓய்வு பெற்றாள். அதற்குள் என் கணவர் போய்விட்டார், மகன் வேறு ஊரில் வேலையில் இருந்தான். அந்த இரண்டு வருட மதியங்களை நான் நின்றுகொண்டே சாப்பிட்டுத் தீர்த்தேன். ஓர் ஆளுக்காகத் தட்டு வைத்து உட்காரத் தோன்றாது. அவள் வெளியே வந்ததும் மதிய உணவு பழையபடி நடக்கும் என்று நானே தீர்மானித்து வைத்திருந்தேன். அவளிடம் கேட்டேனா என்றால், இல்லை. நடைமுறையில் இருப்பதற்குப் புதிய ஆணை தேவையில்லை என்று இருந்துவிட்டேன். ஆரம்பத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் அவள் வீட்டு மேசையில் அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடவும் செய்தேன்.

அவள் வீடு இருந்த பேட்டையில் யோகா கற்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் மாடிகளை வாடகைக்கு எடுப்பார்கள். அவள் மாடிக்கு வந்தவள் அந்த இத்தாலியப் பெண். முப்பது வயதிருக்கும். காலையில் யோகா முடித்துவிட்டு வந்தால் மீதி நாள் முழுவதும் அவளுக்குப் பசி. ஒரு நாள் மாடியில் எரிவாயு தீர்ந்து, வாணலியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்திருக்கிறாள். அப்படித்தான் தொடங்கியது. மூன்று மாதத்தில் தட்டச்சரின் சமையலறை அலமாரியில் ஆலிவ் எண்ணெய் புட்டி ஏறியது. துவரம்பருப்பு டப்பாவில் ஸ்பகெட்டி படுத்திருந்தது. தக்காளிச் சாற்றுக்குப் போடும் அவர்கள் ஊர்த் துளசி கிடைக்காமல் அந்தப் பெண் வருத்தப்பட, தட்டச்சர் பூக்கடையில் மாலை கட்ட வைத்திருந்த காமகஸ்தூரியை, அதாவது நம் திருநீற்றுப்பச்சையை, ஒரு கட்டு வாங்கிவந்து மூக்குக்குக் கீழே நீட்டினாளாம். "அப்படியே கட்டிப்புடிச்சுக்கிட்டாளுங்க அக்கா!" என்று ஃபோனில் சொன்னபோது தட்டச்சரின் குரலில் இருந்த துள்ளலை நான் அதற்குமுன் ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன். அவளுக்கு வேலை நிரந்தரமான நாளில். அந்த ஆணையை அவளிடம் கொடுத்ததும் நான்தான்.

"ஞாயித்துக்கெழம வாங்க, ரெண்டு பேருமாச் செஞ்சு போடறோம்" என்று கூப்பிட்டாள். 'ரெண்டு பேரும்' என்பதில் நான் இல்லை என்பதைக் கவனித்துக்கொண்டுதான் போனேன்.

அந்தச் சமையலில் சமையலே இல்லை என்பதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. அகலமான பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் கொதித்தது. வாணலியில் ஆலிவ் எண்ணெயில் பூண்டுச் சீவல் மெல்லிய தீயில் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது, கூடவே இரண்டு காய்ந்த மிளகாய். அவ்வளவுதான். "கடுகு?" என்றேன். "இல்லீங்க." "கருவேப்பிலை?" "அதுவும் இல்லீங்க." "அப்ப என்னதான் போடுவீங்க?" தட்டச்சர் சிரித்துக்கொண்டே, "கம்மியாப் போடறதுதானுங்க இதுல வேலையே" என்றாள். அந்தப் பெண் ஸ்பகெட்டியில் ஒன்றை எடுத்துப் பாதியைத் தான் கடித்து, மீதியைத் தட்டச்சரின் வாயில் வைத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் மென்று, ஒரே நேரத்தில் தலையை இல்லையென்று ஆட்டினார்கள். இன்னும் ஒரு நிமிடம் வேண்டுமாம். இருபத்தாறு வருடத்தில் பதம் பார்க்க என்னை யாரும் கேட்டதில்லை. நானாகத்தான் பார்த்துச் சொன்னேன்.

சும்மா நிற்கப் பிடிக்காமல் மேடையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். அடுப்போரத்தில் ஒரு டம்ளரில் கலங்கலாக ஏதோ தண்ணீர் இருந்தது. மாவு கழுவிய தண்ணீர் போல. தொட்டியில் கொட்டி, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தேன். திரும்பினால் தட்டச்சர் வடிகட்டிய ஸ்பகெட்டியை வாணலியில் போட்டுவிட்டு, கையை நீட்டி டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்கிருந்த தண்ணி?"

"அழுக்குத் தண்ணியா? கொட்டிட்டேனே."

"அய்யோ, அதையா கொட்டிப்போட்டீங்க? அதுதானுங்க இதுக்கு உசிரே!"

ஸ்பகெட்டி வெந்த நீரில் ஒரு டம்ளர் எடுத்துவைத்து, கடைசியில் எண்ணெயோடு சேர்த்துக் குலுக்கினால்தான் பால்போல் திரண்டு ஸ்பகெட்டியில் ஒட்டுமாம். பாத்திரத்துத் தண்ணீரை அவள் ஏற்கெனவே வடித்துவிட்டிருந்தாள். நான் பிறந்தது குக்கரில் சோறு வைக்கும் வீடு. வடித்த கஞ்சியை எடுத்துவைத்து, உப்பும் மோரும் கலந்து குடிக்கும் வீட்டில் பிறந்த அவளுக்கு இது சொல்லிக்கொடுக்காமலே புரிந்திருக்கும். அந்தப் பெண் என் முகத்தையும் காலி டம்ளரையும் பார்த்துச் சிரித்தாள். கேலிச் சிரிப்பல்ல, அது இப்போது தெரிகிறது. தட்டச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"வாடகைக்கு வந்தவ நாளைக்குக் காலி பண்ணிட்டுப் போயிடுவா. அப்புறம் யாரோட உக்காந்து சாப்பிடுவே?" என்றேன்.

தட்டச்சர் சிரிப்பை நிறுத்தினாள். "போறவதானுங்க. அதுக்கோசரந்தான் இருக்கற மட்டும் நல்லாச் சாப்புடட்டும்னு பாக்கறேன். இவ எங்கிட்ட ஒரு நாளும் குத்தம் கண்டுபுடிச்சதில்லீங்க அக்கா."

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். "களியும் கொள்ளும் தின்ன வாய்க்கு இந்த வேஷமெல்லாம் எதுக்கு?" என்றேன்.

பேசிய மொழி அந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் நான் சொன்னது அது. அவளுக்கு அதில் ஒரு சொல் தெரிந்திருந்தது. தட்டச்சரைப் பார்த்து, முகம் மலர, ஒவ்வொரு எழுத்தாக எடுத்துவைப்பது போல், "களி நல்லா இருக்கு, அக்கா" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தும் தொனியில் என்னிடமும் ஒருமுறை சொன்னாள்.

மூவரும் சாப்பிட்டோம். ஸ்பகெட்டி உலர்ந்துபோய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது என் கைங்கரியம். தட்டச்சர் வாசல்வரை வந்து "பாத்துப் போங்க" என்றாள். வழக்கமாகச் சொல்லும் "ஃபோன் பண்ணுங்க" வரவில்லை.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து அழைப்பில்லை. நானும் அழைக்கவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பெண் ஊருக்குத் திரும்பிவிட்டாள் என்று பழைய அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். எனக்குள் எழுந்த மகிழ்ச்சியை மறைக்காமல் பதிவு செய்கிறேன். இடம் காலியாகிவிட்டது, இனி அழைப்பு வரும் என்று ஒரு வாரம் ஃபோனைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருந்தேன். வரவில்லை. காலியிடம் இருப்பதாலேயே பழைய ஊழியரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்பது பிறருக்கு நான் பலமுறை எழுதிக்கொடுத்த பதில்தான்.

அந்த நாட்களில்தான் வீட்டில் நானே செய்யத் தொடங்கினேன். யார்மேல் உள்ள வீம்பு என்று தெரியவில்லை. முதல் முறை ஸ்பகெட்டியை உடைத்துக் குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டேன். கரண்டியால் எடுத்துக் குடிக்கும்படி வந்தது. அடுத்த முறை சேமியாவுக்குச் செய்வதுபோல் வடித்ததும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அலசினேன். எண்ணெய் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்றாம் முறை பூண்டு கருகியது. பல வாரங்கள் கழித்து ஒரு நாள் தீயைக் குறைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துவைத்து, கடைசியில் ஊற்றிக் குலுக்கினேன். பால்போல் திரண்டது. வாயில் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது, பதம் சரியாக இருந்தது, சொல்ல ஒரு குறையும் இல்லை. சொன்னால் கேட்க எதிரே ஆளும் இல்லை. அன்று நின்றுகொண்டு சாப்பிட முடியவில்லை. உட்கார்ந்தேன். என் வாயிலிருந்து ஒரு முறையாவது 'நன்றாக இருக்கிறது' என்று வந்ததுண்டா என்று இருபத்தாறு வருடத்தைத் துழாவிப் பார்த்தேன். 'பரவாயில்லை' என்பது சில இடங்களில் கிடைத்தது.

அன்று பிற்பகலே கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஃபோன் செய்தால் ஆகாதா என்று மகன் பிறகு கேட்டான். ஃபோனில் நான் எப்படியும் ஒரு திருத்தம் சொல்லிவிடுவேன் என்ற பயம் அவனுக்குப் புரியாது. முதல் வரைவில் பொருள், பார்வை, எண்ணிட்ட நான்கு பத்திகள் எல்லாம் இருந்தன. மன்னிப்பு மட்டும் இல்லை. எங்கள் அலுவலக மொழியில் 'வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது' என்றால் உங்கள் கோரிக்கையை நிராகரித்துவிட்டோம் என்று பொருள். உண்மையில் வருந்துவதற்கு அங்கே வாக்கியம் கிடையாது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஐந்தாவது வரைவு மூன்று வரியில் வந்து நின்றது. களியைப் பற்றி நான் சொன்னது தவறு. உன் கொள்ளுப் பருப்பு எல்லா நாளும் நன்றாகத்தான் இருந்தது. பழையபடி ஞாயிற்றுக்கிழமை மதியம் வரலாமா?

ஒப்புகைச் சீட்டு இணைத்துத்தான் அனுப்பினேன். அந்தப் பழக்கம் போகாது. நான்காம் நாள் சீட்டு திரும்பி வந்தது, தட்டச்சரின் குண்டு குண்டான கையெழுத்தோடு. பதில் வரவில்லை. பதினைந்து நாள் கழித்து நினைவூட்டல் அனுப்புவது நடைமுறை. அதிலும் பதில் இல்லையென்றால் இரண்டாம் நினைவூட்டல். இரண்டையும் மனதுக்குள் எழுதி, இரண்டையும் அனுப்பாமல் விட்டேன். இந்த மனுவுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அவளைக் கட்டாயப்படுத்தும் சட்டப் பிரிவு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பும் நேரம் எனக்கு மனப்பாடமாயிற்று. ஒரு மாதம் போனது, பிறகு இன்னொன்று. தசராவுக்கு ஊரெல்லாம் விளக்குப் போட்டார்கள், எடுத்தார்கள்.

கடைசியில் வந்தது ஓர் அஞ்சலட்டை. தட்டச்சர் கையாலேயே எழுதியிருந்தாள். பேசுவதுபோலவே எழுதுகிறவள். "அக்காவுக்கு. கடுதாசி கெடச்சுது. படிச்சுப்போட்டு ரொம்ப நாள் அப்படியே வச்சிருந்தேன், கோவந்தான், இல்லைன்னு சொல்லமாட்டேன். ஞாயித்துக்கெழம வேண்டாங்க. அன்னைக்கு மத்தியானம் அந்தப் பொண்ணு அங்கிருந்து ஃபோன்ல கூப்புடுவா, ரெண்டு பேரும் ஃபோனை எதுத்தாப்புல வச்சுக்கிட்டு சமைப்போம், சாப்புடுவோம். அது அவளுக்கு. நீங்க புதங்கெழம வாங்க. களி கிண்டறேன்."

மூன்று முறை படித்தேன். ஞாயிறு இன்னும் அந்தப் பெண்ணுடையதுதான். கடல் தாண்டிப் போன பிறகும் அந்த நாற்காலியை அவள் ஒப்படைக்கவில்லை. வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. ஆனால் மேல்முறையீடு செய்யவில்லை. 'பார்த்தேன், புதன் வருகிறேன்' என்று மட்டும் எழுதி, ஒப்புகைச் சீட்டு இல்லாமல், தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அவள் அஞ்சலட்டை வந்தது ஒரு வியாழக்கிழமை. புதனுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.