மாரக்காள் காட்டும் வாய்

மாரக்காள் அடுத்தவள் தட்டில்தான் முதலில் கை வைப்பாள். களியில் ஒரு விள்ளல் கிள்ளி, கீரைக் குழம்பில் தொட்டு விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவாள். "பாத்துக்க புள்ள, நாஞ் சாவுல. இப்பத் தின்னு." அதன் பிறகே எதிரில் இருக்கும் அத்தாயி உண்பாள். சாப்பாட்டில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்பது அத்தாயியின் தீராத பயம்.

சேலத்துக்கு மேற்கே ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். மாரக்காள் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவப் பெண். பிறந்த குழந்தை தவறியதும் பேச்சற்றுக் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இப்போது பேச்சுக்குக் குறைவில்லை. முற்றத்துக் காக்கைகளை மாமியார், நாத்தனார் பெயர் சொல்லித்தான் விரட்டுவாள். யாரை யார் பக்கத்தில் படுக்க வைத்தால் சண்டை வராது என்பதும் நர்சைவிட அவளுக்கே நன்றாகத் தெரியும்.

1938 தை மாதம், அவள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி காளியப்பன் வண்டி கட்டிக்கொண்டு வந்தான்.

"கெளம்புக்கா. ஊட்டுல எல்லாரும் உம்பட நெனப்பாவே இருக்கறாங்க."

"நா வந்துட்டா இந்த அத்தாயி பட்டினி கெடந்தே செத்துருவா சாமி. பத்து நாப் பொறுத்துக்க."

அவன் என் பக்கம் திரும்பினான். "ஏனுங்க, இதுவும் அந்தச் சீக்குத்தானுங்களா?"

கடுதாசி போட்டதும் வரச் சொன்னேன். வண்டி வெறுமனே திரும்பிப் போயிற்று.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் மாரக்காள் தன் இடத்தில் குப்பாயியை உட்கார வைத்தாள். யாரோடும் ஒட்டாமல் ஜன்னலோரமே கிடந்தவள் குப்பாயி. அத்தாயி தட்டை வீசி எறிந்தாள். மூன்று நாள் வெறும் தண்ணீர்தான் குடித்தாள். மாரக்காள் தூணுக்குப் பின்னால் நின்று தவித்தாள். "நானே போயி ஒரு வாய் தின்னு காட்டிரட்டுங்களா?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன், "வேண்டாங்க, அப்பறம் இவ பழகவே மாட்டா" என்றாள்.

நாலாம் நாள் குப்பாயி ஒரு விள்ளலை விழுங்கிவிட்டுக் கூச்சத்தோடு வாயைத் திறந்தாள். அத்தாயி குனிந்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தின்னத் தொடங்கினாள்.

மாரக்காளின் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. "நானில்லாட்டியுந் தின்னுபோட்டா பாத்தீங்களா" என்றாள். "தம்பிக்குக் கடுதாசி போட்டுருங்க சாமி. நா வாரேன்னு எழுதுங்க."

சொல்லிவிட்டுப் போய் அத்தாயியின் பக்கத்தில் குந்தினாள். அவள் மோவாயில் ஒட்டியிருந்த களியை முந்தானையால் மெல்லத் துடைத்துவிட்டாள்.