பழியைச் சூழ்நிலை மேல் போடுகிறவர்கள்

அந்தப் புத்தகத்துக்குள் ஒரு தலைவலை இருந்தது. சாப்பாட்டில் மயிர் விழக்கூடாது என்று பெரிய சமையற்கூடங்களில் தலையில் மாட்டிக்கொள்வார்களே, வெள்ளையாக, மெல்லிசாக, அதுதான். என் அண்ணையின் மனைவி, என் மச்சாள், அதை மடித்துப் பக்க அடையாளமாக வைத்திருந்தார். மொன்றியல் விமான நிலையம் இருக்கும் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரித்து அனுப்பும் ஓரிடத்தில் அவருக்குத் தட்டு அடுக்கும் வேலை. பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போக வேண்டும். அந்த நீண்ட பயணம் முழுவதும் தலையணை மொத்தத்தில் அந்த அமெரிக்க இலக்கியத் தொகுப்பு அவர் மடியில் கிடக்கும். இன்றைக்கும் அந்த வலையை நினைத்தால் எனக்குக் கண் கலங்குவதில்லை. பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவர் மச்சாள். இடப்பெயர்வோடு அந்தப் படிப்பு பாதியில் நின்றுபோனது. மொன்றியலுக்கு வந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, வேலைக்கும் போய்க்கொண்டு, ஒவ்வொரு பாடமாக முடித்துக்கொண்டு வந்தார். கடைசியாக ஒரே ஒரு பாடம் மிச்சம். சனிக்கிழமை காலைகளில் டவுன்டவுனில் வகுப்பு. அமெரிக்க இலக்கியத்தில் இயற்பண்புவாதமும் அதற்குப் பிறகு வந்த நவீனத்துவமும். கடைசி வகுப்பில் எல்லோர் முன்னாலும் நின்று ஒரு கதையைப் பற்றிப் பேச வேண்டும். அதைப் பேசி முடித்தால் பட்டம். பேசாவிட்டால் இல்லை. எங்கள் குடும்பத்தில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியாது என்று யாரும் எனக்குச் சொல்ல வர வேண்டாம்.

எனக்கு அந்தப் பெரிய பெயர்கள் விளங்காது. நான் ஒரு கார்தெரியில், அதாவது காப்பகத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குசினியில் நின்று வெங்காயம் வெட்டியபடியே எனக்கு விளங்கப்படுத்துவார். "முதல் வந்தவையள் என்ன சொல்லுகினம் எண்டால், மனுசன் தன்ர கையில இல்லையாம். ஆலை, பசி, பரம்பரை, நகரம், எல்லாம் சேந்து அவனை அரைச்சுப் போடுமாம். அவன் துள்ளலாம், தப்பேலாது. பேந்து பெரிய சண்டை ஒண்டு வந்து உலகம் சிதறிப்போச்சு. அதுக்குப் பிறகு எழுதினவையள், சரி, அரையட்டும், அரைபடேக்குள்ள அந்த மனுசன்ர மண்டைக்குள்ள என்ன ஓடுது எண்டு பாப்பம் எண்டு உள்ள போச்சினம். உள்ள போன உடனே வசனமே உடைஞ்சு போச்சு. ஏனெண்டால் ஒருத்தரும் முழு வசனத்தில யோசிக்கிறேல்லை." அவர் பேசவிருந்தது அப்படி ஒரு கதையைப் பற்றித்தான். கை ஒரு வேலையில் இருக்கும்போது ஒரு பெண்ணின் தலைக்குள் ஓடுகிறவை மட்டுமே கதை. தட்டு அடுக்கிக்கொண்டே தன் பேச்சை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பதாகச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சனிக்கிழமைக்குத்தான் என் அக்கா தன் மகளின் சாமத்தியச் சடங்கை வைத்தார். பிள்ளை பெரியபிள்ளையாகி மாதக்கணக்காகிவிட்டது. அவசரம் என்று ஒன்றும் கிடையாது. ரொறொன்ரோவிலிருந்து வரவேண்டிய வீடியோக்காரருக்கு அன்றைக்குத்தான் வசதியாம்! அண்ணை தாய்மாமன், மச்சாள் மாமி. மாமன் பால் அறுகு வைக்க, மாமி தண்ணீர் வார்க்க வேண்டும். மாமி இல்லாமல் சடங்கு இல்லை. "எனக்கு அண்டைக்குக் கடைசி வகுப்பு" என்று மச்சாள் சொன்னார். ஒரு முறையல்ல, எத்தனையோ முறை. வீடியோக்காரருக்காக ஏற்கெனவே பிடித்த மண்டபத்தை மாற்றத் தெரிந்தவர்களுக்கு மச்சாளுக்காக ஒரு கிழமை தள்ளிப்போடத் தெரியவில்லை. அண்ணை இடையில் வந்து பெரிய மனுசத்தனமாகச் சொன்னார்: "நீர் பேசாமல் இரும், நான் உம்மட யூனிவர்சிற்றிக்கு டெலிபோன் எடுத்துக் கதைக்கிறன்." இரண்டொரு நாளில், "கதைச்சிட்டன். அடுத்த கிழமை வந்து பேசட்டாம்" என்றார். என்னென்று ஒத்துக்கொண்டார்கள் என்று மச்சாள் கேட்டதற்கு, "கதைக்கிற மாதிரிக் கதைச்சால் எல்லாம் நடக்கும்" என்றார். மச்சாள் நம்பினார். அன்றைக்கு அண்ணைக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்தார். அதை நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சடங்கன்று காலை, மண்டபத்துக்குப் போகுமுன், தண்ணீர் வார்வை அண்ணை வீட்டுக் கராஜில். வெளியே அழுக்குப் பனி இன்னும் கரைந்து முடியவில்லை. உள்ளே ஹீற்றரைப் போட்டு, வாழையிலை வைத்து, பிள்ளையைப் பலகையில் இருத்தியிருந்தோம். பிள்ளை குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தது. மச்சாள் செம்பில் தண்ணீரை மொண்டு நிமிரும்போது வாசல் மணி அடித்தது. நான் போய்த் திறந்தேன். ஒருவர் "பொன்ஜூர்" சொல்லி என் கையில் ஒரு பெரிய கூடையைத் தந்துவிட்டுப் போனார். கூடை நிறைய வெள்ளை லில்லிப் பூ. செத்தவீட்டுப் பூ. பெயரைப் பார்த்தால் மச்சாளுக்கு. நான் கூடையோடு கராஜுக்குத் திரும்பி வந்து, அட்டையை விரித்து, யோசிக்காமல், ஆங்கிலத்தில் இருந்ததை உரத்து வாசித்துவிட்டேன். உங்கள் அம்மாவின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். கீழே பேராசிரியரும் வகுப்பில் இருந்தவர்களும் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

மச்சாளின் அம்மா யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தார். போரில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. தொலைபேசி கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். செய்தி எந்த வழியால் வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்த வழியாலும் வரலாம் என்றுதான் மச்சாள் நினைத்திருக்க வேண்டும். செம்பு கையிலிருந்து நழுவிச் சீமெந்தில் உருண்டது. "அம்மா" என்று ஒரு சத்தம். சத்தமாகக்கூட இல்லை, மூச்சு. அப்போது அண்ணை ஓடி வந்து, "ஐயோ, அது ஒண்டுமில்லையப்பா! நான்தான் அவங்களுக்கு அப்பிடிச் சொன்னனான். செத்தவீடு எண்டால்தான் நாள் மாத்துவாங்கள்" என்றார். ஒண்டுமில்லையாம்!

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. ஒருவர்கூட அண்ணையைப் பார்த்து ஒரு சொல் கேட்கவில்லை. அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு, "நல்ல நாளில செத்தவீட்டுப் பூவை வீட்டுக்க எடுப்பிச்சுப் போட்டாவே! இவவின்ர படிப்பால வந்த வினை" என்று மச்சாளைத்தான் திட்டினார். வந்திருந்த சனமும் அதற்கு ஓம் போட்டது. வீடியோக்காரர், செம்பு விழுந்ததை வெட்டிவிடலாம், தண்ணியை மறுபடி வாருங்கோ என்றார். மச்சாள் செம்பை எடுத்து மறுபடி வார்த்தார். அந்த வீடியோவில் இப்போது பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

இரண்டு நாள் போராடி அம்மாவின் குரலைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, மச்சாள் டவுன்டவுனுக்குப் போய்ப் பேராசிரியரைச் சந்தித்தார். போய்விட்டு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார். உண்மையைக் கேட்ட அந்த மனிதர் கோபிக்கவில்லை. அன்பாக, மிக அன்பாக, அலுவலகத்துக்கு மரணம் என்றே தெரிந்திருக்கட்டும், சொன்னபடி வருகிற சனிக்கிழமை வந்து பேசுங்கள் என்றாராம். அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் கணவரையும் குறை சொல்ல முடியாது, நாங்கள் படித்ததே இதைத்தானே, அந்தச் சமூகம், அந்தச் சடங்கு, அகதி வாழ்க்கை, இவற்றுக்குள் அகப்பட்ட மனிதர் வேறு என்ன செய்வார் என்றும் சொன்னாராம். மச்சாளையும் அண்ணையையும் தூக்கி, அரைபடுகிறவர்களின் கதைகள் இருக்கும் புத்தகத்தின் முதல் பாதிக்குள் போட்டு மூடிவிட்டார்.

"நான் சொல்லிப்போட்டன்" என்றார் மச்சாள். "சேர், டெலிபோனை எடுத்தது சமூகம் இல்லை, என்ர மனுசன். அவருக்கு ஒரு கை இருக்கு, ஒரு மூளை இருக்கு. அவர் எடுக்காமலும் விட்டிருக்கலாம். என்ர அம்மாவைச் சாகக் குடுத்து எனக்குப் பட்டம் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

எனக்கு மச்சாள் மேலும் கோபம் வந்தது. மறைக்கவில்லை. "உங்களுக்கென்ன விசரே? போய்ப் பேசிப்போட்டு வந்திருக்கலாமே!" என்று கத்தினேன். "பேசலாம்தான்" என்றார். "உம்மட அண்ணை சொன்ன பொய்க்கு மேல ஏறி நிண்டெல்லோ பேசோணும்." அடுத்த நாள் வழக்கம்போல டோர்வலுக்கு வேலைக்குப் போனார். படிப்பைப் பற்றிப் பிறகு அந்த வீட்டில் பேச்சே எழவில்லை.

போன கோடையில் அண்ணை அந்த வீட்டை விற்றார். நிலவறையில் சாமான் கட்ட நானும் போயிருந்தேன். ஒரு பெட்டியின் அடியில் அந்தத் தொகுப்பு கிடந்தது. அண்ணை அதைக் கையில் எடுத்துப் பார்த்து, தூசைத் தட்டி, பெருமூச்சு விட்டார். "பாவம், நல்லாப் படிச்சிருப்பா. என்ன செய்யிறது, அப்பத்தச் சூழ்நிலை அப்பிடி."

நான் வெடித்தேன். "சூழ்நிலையே? சூழ்நிலையே அண்ணை டெலிபோன் எடுத்தது?"

"இப்ப ஏன் பழசைக் கிண்டுறாய்?" என்று சொல்லி, புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு, பெட்டி ஒட்டும் நாடாவைத் தேடப் போனார். அந்தப் பேராசிரியருடைய மெத்தப் படித்த நியாயத்தை, ஒரு பக்கமும் வாசிக்காத என் அண்ணை எவ்வளவு இலகுவாகச் சொல்கிறார்! செய்கிறவர்களுக்கு எப்போதும் அதுதான் வசதி. புத்தகம் நடுவில் தானாக விரிந்தது. அவர் பேசவிருந்த அந்தக் கதையின் பாதியில், மஞ்சளாகிப்போன தலைவலை. நான் அதை உருவப் போனேன்.

"வலையை எடாதையும்" என்று நிலவறைப் படியிலிருந்து மச்சாளின் குரல் வந்தது. "நான் அதிலதான் நிக்கிறன்."