சார் என்று கூப்பிட்டவர்கள்

என் அக்காவுக்கு வாடகைக் கார் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை. போன வருடம் அவள் குரல் தடித்துக் கரகரத்துப் போனது. "வணக்கம்" என்றாலே மறுமுனையில், "சார், ஒரு வண்டி வேணும்" என்பார்கள். முதலில் சிரித்தாள். பிறகு பல்லைக் கடித்தாள்.

உடம்பு ஊதியது, முடி கொத்துக்கொத்தாய்க் கொட்டியது, வெயிலிலும் குளிர் எடுத்தது. "வெந்நீர் குடிம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றார் மேனேஜர். மாமாவோ, "என்கிட்ட கத்திக் கத்தியே இவ தொண்டை போச்சு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டின பெண்டாட்டியை டாக்டரிடம் கூட்டிப்போக மட்டும் அவருக்கு நேரமில்லை.

கடைசியில் நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு சரியாகச் சுரக்கவில்லையாம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை.

சில மாதங்களில் குரல் மெல்லத் திரும்பியது. நேற்று அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். போன் அடித்தது. "வணக்கம்" என்றாள், கணீரென்று.

மேனேஜர் எழுந்து வந்தார். "பாத்தியாம்மா, நான் சொன்ன வெந்நீரோட மகிமையை!"

அக்கா ரிசீவரைப் பிடித்தபடியே எழுந்தாள். "வெந்நீரா? மூச்சு வாங்கி நான் மாடிப்படியில உக்காந்தப்ப, வேலைக்குப் பயந்து நடிக்கிறேன்னு சொன்ன வாய்தானே சார் இது?"

ரிசீவரிலிருந்து ஒரு பயந்த குரல் கேட்டது:

"மேடம்... நான் அப்புறமா கூப்பிடறேன்."