கவிதைக்கு ஓர் ஆமென்

கவிதைக்குக் கை தட்டுவார்கள், கொட்டாவி விடுவார்கள்... 'ஆமென்' சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டேன். இன்னும் தலை சுற்றுகிறது.

மேற்குத் தாம்பரத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு எஸ்தர் டீச்சருடையது. ஒரே மகன் சாமுவேல். இன்ஜினீயரிங் படிக்க ஜெர்மனி போனவன், பாதியில் விட்டுவிட்டு நாடு நாடாகச் சுற்றினான். ஓட்டலில் தட்டு கழுவினான், ரயில்வே ஸ்டேஷனில் தூங்கினான், கவிதை எழுதினான் — அதுவும் தமிழில். அங்கே யார் படிப்பது? கேட்டால், "தெரியலண்ணா" என்கிறான்.

வருஷக் கணக்கில் அலைந்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பினான். டீச்சர் விடுவாரா? பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சொல்லி வைத்தாயிற்று. மகன் இனி எங்கும் போகக் கூடாது, அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். நன்றி சொல்ல வீட்டிலேயே ஜெபக் கூட்டம் வைத்தார். என்னையும் அழைத்திருந்தார்.

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் சாமுவேலை சாட்சி சொல்லக் கூப்பிட்டார். கடல் தாண்டிப் போனவனை ஆண்டவர் எப்படிக் காப்பாற்றினார் என்று நாலு வார்த்தை பேச வேண்டும், அதுதான் வழக்கம். இவனோ சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கவிதை வாசிக்க ஆரம்பித்துவிட்டான்!

'தாரும்', 'நடத்தும்' என்று வார்த்தைகள் ஜெபம் மாதிரியே இருந்தன. குரலும் தழுதழுத்தது. முன்னால் இருந்த ஒருவர் கண்ணை மூடினார். பிறகு ஹாலில் இருந்த எல்லோரும் மூடினார்கள். கடைசி வரி இது:

"என்னை இங்கே நிறுத்தாதேயும், இன்னும் தூரம் போக அனுப்பும்."

'ஆமென்' என்றார்கள் எல்லோரும். டீச்சர் குரலும் அதில் கேட்டது.

சாமுவேல் திகைத்து நின்றான். நானும்தான். இது பாராட்டா, பிரார்த்தனையா... இல்லை, கிளம்பிப் போக உத்தரவா? யாரைக் கேட்பது? கேசரியும் காபியும் வந்துவிட்டன. கவிதையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. பாவம், பெற்ற தாய் தெரியாமல் சொல்லிவிட்டாரே என்று மறுநாள் போனேன். டீச்சர் மகனுடைய சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நேற்று அவன் வாசித்தது ஜெபம் இல்லை, கவிதை; நீங்கள் சொன்ன ஆமெனை அவன் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

அவர் நிமிரவில்லை.

"கண்ணைத்தான் சார் மூடிக்கிட்டேன். காதை மூடலை."