பார்வைப் புறா

கெர்லிங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டிய காலத்தில் ஒரு புறா வளர்த்தேன். பார்வைப் புறா என்போம். கூண்டோடு காட்டோரம் வைத்தால் கத்தும். காட்டுப் புறா தேடி வந்து, சுற்றிப் போட்ட கண்ணியில் மாட்டும். கறிக்கு ஆகும்.

என் தம்பி கேலி பண்ணுவான். "ஏண்ணே, இதுக்கு வெக்கமே கிடையாதா? சொந்தக்காரனையே கூப்பிட்டுக் குடுக்குது."

"அதுக்கு என்னடா தெரியும். சும்மா கத்துது."

"சும்மாவா? மாட்டுனவன்கிட்ட கேட்டுப் பாரு."

வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம் வந்தது. தம்பி காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு போய்விட்டான். ஏன் என்று என்னிடம் சொல்லவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி அடித்தார்கள். காட்டுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று கேட்டில் சோதனை. தேத்தண்ணியில் சீனி இருந்தால்கூடக் கொட்டச் சொல்வார்கள்.

ஒரு நாள் தோட்டக் கணக்கு எழுதும் கிராணி ஆபீசுக்குக் கூப்பிட்டார். போலீஸ்காரர் ஒருவர் இருந்தார். நாளையிலிருந்து காட்டோர மர நிரையை நான் ஒருத்தனே வெட்ட வேண்டும் என்றார்.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம்லா. உன் வேலையைப் பாரு, போதும்," என்றார் கிராணி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

முடியாது என்றால் அம்மாவையும் சேர்த்துப் பிடித்துப் போவார்கள். சரிங்க என்றேன்.

மறுநாள் கேட்டில் அந்தப் போலீஸ்காரரே ஒரு போத்தல் தேத்தண்ணி கொடுத்தார். சீனி போட்டது.

மூன்று நாள் வெட்டினேன். புதரில் துப்பாக்கியோடு ஆட்கள் படுத்திருந்தார்கள். இருமல் வந்தாலும் அடக்கினேன். தம்பி வரக் கூடாது. வேறு நினைப்பு இல்லை.

நாலாம் நாள் நிரை முடிந்தது. பால் வாளியை இறக்கி வைத்து, கத்திப் பிடியால் அதில் இரண்டு தட்டுத் தட்டினேன். பழைய பழக்கம். அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரை வெட்டியபோது அப்படித்தான் தட்டுவேன். அவன் தேத்தண்ணி குடிக்க வருவான்.

தட்டிய பிறகுதான் கை செய்த வேலை தெரிந்தது.

வந்தான். ரொம்ப இளைத்திருந்தான்.

"ஏண்ணே, சீனி இருக்கா?"

ஓடுடா என்று சொல்வதற்குள் சுட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் லயத்தில் அம்மா கேட்டாள். "நீ கூப்பிட்டியாடா?"

"இல்லம்மா. வாயே தொறக்கல."

வெளியே புறா கத்திக்கொண்டிருந்தது. கூண்டுமேல் சாக்கைப் போட்டு மூடினேன். அப்போதும் கத்தியது.