நங்கூரத்துக்குக் கீழே துரு

புதிதாக ஒரு பொருளை வாங்கி, நான்கு மாதம் உட்கார்ந்து அதைப் பழசாக்குகிற ஆள் நான். விருந்தாளிகளுக்கு என் மனைவி என்னை இப்படித்தான் அறிமுகம் செய்துவைப்பாள். நாவலூரில் ஆபீஸ், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஃபிளாட், பால்கனியை அடைத்துக்கொண்டு ஒரு மேஜை, மேஜை நிறைய பிளாஸ்டிக் போர்க்கப்பல்கள். கப்பலை ஒட்டிச் சாம்பல் நிறம் அடிப்பதோடு பாதி வேலைதான் முடியும். பிறகு வெயிலும் உப்பும் பட்ட மாதிரி நிறத்தை மங்க வைக்க வேண்டும், துரு வழியவிட வேண்டும். அப்போதுதான் அது பொம்மையாக இல்லாமல் கப்பலாகத் தெரியும் என்பது மாடல் கப்பல் செய்கிற எங்கள் கூட்டத்தின் நம்பிக்கை.

அக்காவின் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். கீழ்க்கட்டளைக்காரர். பதினைந்து வருஷம் கடற்படையில் மாலுமியாக இருந்தவர். கடைசியில் நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வீட்டிலேயே இருந்தார். கப்பலில் பழைய பெயிண்டைச் சுரண்டின தூசிதான் காரணம் என்று அக்கா சொல்வாள். டாக்டர் அப்படியெல்லாம் சொல்லவில்லை. நாள் அதிகமில்லை என்று மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அவர் வேலை பார்த்த கப்பலை எப்போதோ உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள். அதே வகைக் கப்பலின் பாகங்கள் அடங்கிய கிட்டை வரவழைத்து அவருக்காகச் செய்தேன். நங்கூரம் தொங்குகிற துளைக்குக் கீழே ஆரஞ்சும் பழுப்புமாக ஆயில் பெயிண்டைப் பல்குத்தும் குச்சியால் புள்ளி வைத்து, தின்னரில் நனைத்த பிரஷ்ஷால் கீழே இழுத்தேன். மழைக்குப் பிறகு இரும்பு கேட்டில் துருத்தண்ணீர் வழிந்த மாதிரி அப்படியே வந்தது. அந்த ஒரு கோடு சரியாக வர மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. படத்தை எங்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். யார் யாரோ கும்பிடு போட்டார்கள்.

மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னா மச்சான், இத்த யாரும் கழுவவே இல்லியா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நங்கூரத்துக்குக் கீழே இருந்த கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"முன்பக்கம் எங்க ஆளுங்க பொறுப்பு. கயித்துல பலகையைக் கட்டித் தொங்கிகினு சொரண்டுவோம். இந்த மாதிரி ஒரு கோடு இருந்தா ரவுண்டு வர்ற ஆபீசரு லீவ கட் பண்ணிடுவாரு. நான் ஒரு நாளும் இப்படி வுட்டதில்ல மச்சான்."

அவர் குரலில் கோபம் இல்லை. யாரோ தன்மேல் பொய்ப்புகார் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. "சரி பண்ணிடறேன் மாமா" என்றேன்.

"சொரண்டிட்டு அடி. சொரண்டாம மேல அடிச்சின்னா உள்ளேருந்து வந்துகினே இருக்கும்."

வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஆனால் செய்யவில்லை. ஏன் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தத் துரு எனக்குப் பிடித்திருந்தது. வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது என்று தோன்றியது. அடுத்த மாதம் எங்கள் குரூப்பின் கண்காட்சி வேறு. அதில் வைத்துவிட்டுச் சுரண்டலாம், ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கின அதே நான்தான் இப்படி நினைத்தேன்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் வரும். மூச்சு வாங்க வாங்கக் கேட்பார்.

"சொரண்டிட்டியா?"

"ஆச்சு மாமா."

"பிரைமர்?"

"ரெண்டு கோட்டிங்."

"மேல் பெயிண்ட்டு?"

"அதுவும் அடிச்சாச்சு. எனாமல் இல்லையா, காய நாளாகும்."

"அவசரப்படாத. நல்லா காயட்டும்" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள். முதலில் அழுதாள். பிறகு, "கப்பல் முடிஞ்சிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தாருடா. வரும்போது எடுத்துட்டு வா. பக்கத்துல வைக்கணும்" என்றாள்.

கண்காட்சிக்காகக் கப்பலை வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். விட்டது விட்டபடி துருவோடு இருந்தது. சுரண்ட நேரமில்லை. சீக்கிரம் காய்கிற அக்ரிலிக் பெயிண்ட் குப்பியிலேயே கல்லாகியிருந்தது. எனாமல் டப்பாதான் மிச்சம். பட்டை பிரஷ்ஷை எடுத்து, துருவின்மேலேயே சாம்பல் நிறத்தைத் தடவினேன். பிரஷ் போன தடம் தடித்துத் தெரிந்தது. முதல் முறை அடித்ததில் ஆரஞ்சு அடியில் தெரிந்தது. இன்னொரு முறை அடித்தேன். மனைவி வாசலில் நின்றபடி பார்த்தாள். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

அவள் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து கப்பலை அது நிற்கிற மரத்தட்டோடு பிடித்துக்கொண்டேன். மேடவாக்கம் ரோட்டில் மெட்ரோ வேலை. பறந்த தூசியெல்லாம் ஈரப் பெயிண்டில் ஒட்டியது. ஊத ஊத வந்துகொண்டே இருந்தது.

மாமாவை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். மூக்கில் குழாய் இல்லாமல் அவர் முகம் எனக்குப் புதிதாக இருந்தது. கப்பலை நானே வைத்துவிடலாம் என்று குனிந்தேன். அதற்குள் அக்கா இரண்டு கையாலும் வாங்கி, அவர் தலைமாட்டில் பெட்டியின் கண்ணாடி மூடிமேல் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் சாம்பல் நிறம்.

"என்னடா, காயவே இல்ல?"

அவள் கட்டைவிரல் பட்ட இடத்தில் பெயிண்ட் வழிந்து, நங்கூரத்துக்குக் கீழே அந்தத் துருக்கோடு வெளியே வந்திருந்தது. அக்கா அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாதபடி கப்பலைத் திருப்பி வைத்தாள்.